ஒரே இடத்தில் நின்ற பறவை

சூசைமாணிக்கத்துக்கு மின்வாரியத்தில் லைன்மேன் வேலை. திண்டுக்கல்லிலிருந்து மேற்கே, பழனி ரோட்டை ஒட்டிப் போகும் பெரிய கம்பிகளுக்குக் கீழே டவர் டவராக நடந்து பார்த்துவர வேண்டும். மேலே தொங்கும் பீங்கான் தட்டுகளில் கீறல் இருந்தால் தரையிலிருந்தே தெரியவேண்டும் என்று ஒரு பைனாகுலர் கொடுத்திருந்தார்கள். பீங்கானைப் பார்க்கத் தூக்கிய கண்ணாடியில், டவர் உச்சியில் உட்கார்ந்திருந்த பறவைகள் வந்து நின்றன. அப்படித்தான் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

ஊர்க்காரர்களுக்கு உயரத்தில் வட்டமடிக்கிற பெரிய பறவை எல்லாமே கழுகுதான். சூசைக்கு அப்படி விட்டுவிட மனசு வரவில்லை. ஏழெட்டு வருசம் பார்த்துப் பார்த்துத் தானாகவே பிரித்துவைத்திருந்தார். பிணந்தின்னிக்கு ரெக்கை பலகை மாதிரி அகலம், வால் குட்டை. தலை தோளுக்குள் புதைந்திருக்கும். தூரத்தில் பார்த்தால் முண்டம் ஒன்று மிதந்து போகிற மாதிரி இருக்கும். ராசாளிக்குத் தலை முன்னால் நீண்டிருக்கும், வெளுத்த வயிறு, வால் நுனியில் கறுப்புப் பட்டை. பாம்புக் கழுகுக்கும் வயிறு வெளுப்புதான். ஆனால் தலை ஆந்தைத் தலை மாதிரி உருண்டை.

“கூட வேல பாக்குற மனுசங்கள இப்படி உத்துப் பாத்தா இந்நேரம் போர்மேன் ஆயிருக்கலாம்” என்பாள் அவர் மனைவி ஏஞ்சலின். டவுனில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவள் அவள்.

தொண்ணூற்று மூன்றாம் வருசம் பங்குனியில், லைனுக்குப் பக்கத்து ஊரில் முத்துச்சாமி என்கிற ஆட்டுக்காரர் காணாமல் போனார். திங்கட்கிழமை காலையில் தப்பிப்போன குட்டியைத் தேடிக் கிளம்பியவர் வீடு திரும்பவில்லை. புதன்கிழமை காலையில் அவருடைய அண்ணன் சடையாண்டியும் ஏழெட்டுப் பேரும் தேடிக்கொண்டு ஊருக்கு மேற்கே இருந்த பாறைக் கரட்டின் அடிவாரத்துக்கு வந்தார்கள். முத்துச்சாமியின் மனைவி சிவனம்மாளும் கூட வந்திருந்தாள். லைன் பார்த்துக்கொண்டு வந்த சூசையை அங்கே புளியமரத்தடியில் நிறுத்திக்கொண்டார்கள்.

கரட்டுக்கு மேலே இரண்டு பறவைகள் தெரிந்தன.

“கழுகு சுத்துதுண்ணே. ஏறிப் பாத்துருவமா?” என்றார் சடையாண்டி. முள்ளும் பாறையுமான ஏற்றம், ஒரு மணி நேரமாவது ஆகும். வெயில் அப்போதே சுள்ளென்று இறங்கியிருந்தது. எல்லோரும் சூசையைப் பார்த்தார்கள்.

சூசை கண்ணாடியைத் தூக்கினார். ஒரு பறவை மெல்ல விலகித் தெற்கே போனது. மற்றது போகவில்லை. காற்றுக்கு எதிராக ரெக்கையை லேசாக அடித்துக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு, ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது. கீழே எதையோ குனிந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றது.

“பாம்புக் கழுகு. பாம்பு கீம்பு எதையோ பாத்துட்டு நிக்குது” என்றார் சூசை. “செத்தது எதுவும் அங்க இல்லப்பா. இருந்தா இந்நேரம் பிணந்தின்னி எறங்கியிருக்கும். மேல ஒண்ணும் இல்ல, வாங்க.”

அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். குடகனாற்றுப் பக்கமும் கிணறுகளிலும் தேடப் போனார்கள். சிவனம்மாள் மட்டும் முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு சற்று நேரம் மேலேயே பார்த்து நின்றுவிட்டுப் பின்னால் வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சிறுமலைப் பக்கமிருந்து பிணந்தின்னிகள் வந்தன. சூசை எண்ணினார், பத்தொன்பது. ஒன்றன்பின் ஒன்றாகக் கரட்டு உச்சியில் இறங்கின. சடையாண்டியும் அவரும் மூச்சிரைக்க ஏறிப் போனபோது, பாறைகளின் மேல் வட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இன்னும் எதையும் கொத்தவில்லை. ஆளைக் கண்டும் அவசரமில்லாமல்தான் எழும்பின.

நடுவில் ஒரு பாறைப் பிளவு. உள்ளே முத்துச்சாமி கிடந்தார். ஒரு கால் முறிந்து மடங்கியிருந்தது. ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பின் நுனியில் தன் வெள்ளைத் துண்டைக் கட்டிப் பிளவுக்கு மேலே நீட்டியிருந்தார். கம்பு சரிந்து பாறையில் சாய்ந்து கிடந்தது. துண்டு மட்டும் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இவர்கள் இரண்டு பேரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நேத்து ராத்திரி வரைக்கும் உசுரு இருந்திருக்குப்பா. தண்ணியில்லாமத்தான் போயிருக்காரு.”

பறவையைச் சூசை தப்பாகப் பார்க்கவில்லை. அது பாம்புக் கழுகுதான். அசைகிற எதையோ பார்த்துத்தான் நின்றது. புதன்கிழமை செத்தது எதுவும் மேலே இல்லை என்றதும் சரிதான்.

சடையாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நாலு நாளு கெடந்தான்னு அந்தப் புள்ள சிவனம்மாளுக்குத் தெரியக் கூடாதுண்ணே. தெரிஞ்சா அது உசுரோட இருக்காது.”

அன்று மாலை முத்துச்சாமி வீட்டு வாசலில் கூடியிருந்தவர்கள் முன்னால் சூசை சொன்னார்: “நான்தான் தப்பாப் பாத்துட்டேன். புதன்கெழம நின்னது பிணந்தின்னிதான். விழுந்த அன்னைக்கே போயிட்டாரு.”

அந்தப் பேச்சு அவரோடு ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் சிரித்தார்கள். சூப்பர்வைசர் ராயப்பராஜ், “சூசை, அந்தக் கம்பியில இருக்குறது காக்காவா கழுகா?” என்று ஆள் கூடுகிற இடத்திலெல்லாம் கேட்பார். சூசை அடுத்த டவரைப் பார்த்து நடந்துவிடுவார். பொய் சொன்னதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டார். மற்றதை எந்தப் பெயரில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பறவை எங்கே வட்டமிட்டாலும் அதன் கீழே போய்ப் பார்க்காமல் நகரமாட்டார். முள்ளில் கிழிந்த சட்டையோடு வருவார். ஏஞ்சலின் எதுவும் கேட்காமல் தைத்துக் கொடுப்பாள்.

வருசங்கள் போகப் போகப் பிணந்தின்னிகள் குறைந்தன. பத்தொன்பது வந்த இடத்தில் ஆறு வந்தது, பிறகு இரண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஓடைகளில் தூக்கிப் போட்ட மாடுகள் அப்படியே உப்பிக் கிடந்தன. நாய்கள் மட்டும் வந்து போயின. சூசை கண்ணாடியை நாலு திசையும் திருப்புவார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒருநாள் முற்பகலில் அப்படி ஒரு பசு ஓடையில் கிடந்தது. காற்றே இல்லை. மேலே கம்பி மட்டும் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. டவருக்குக் கீழே சிவனம்மாள் ஆடுகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். பத்து வருசமாக அவர்கள் பார்த்துக்கொண்டால் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

“நாலு நாளாச்சு. ஒண்ணுகூட எறங்கல” என்றாள்.

“எங்க போச்சுன்னே தெரியலம்மா.”

“எனக்கு அதுகள நல்லாத் தெரியும்ணே. ஆட்டோட கெடந்தவ, வேற என்னத்தப் பாக்க?” அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. “பிணந்தின்னி சுத்தும், எறங்கும். ஒரே எடத்துல நிக்காது. அம்புட்டுப் பெருசுல அப்பிடி நிக்கிறது பாம்புக் கழுகு ஒண்ணுதான். அன்னைக்கு அது நின்னுச்சு. நானும் பாத்தேன்.”

சூசை கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நின்னுச்சும்மா.”

“அப்ப நீங்க தப்பாச் சொல்லல.”

“இல்ல.”

“எது வரைக்கும் இருந்தாரு?”

“வியாழக்கெழம ராத்திரி வரைக்கும்.”

துண்டைப் பற்றியும் சொன்னார். அவள் அழவில்லை. விரலை மடக்கித் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று எண்ணினாள். பிறகு எழுந்து சேலையை உதறினாள்.

“நான் அந்த எடத்தப் பாத்ததில்லண்ணே. கூட்டிட்டுப் போறீகளா?”

ஏறினார்கள். பிளவு அப்படியே இருந்தது. அவள் குனிந்து உள்ளே இறங்கி, பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஒரு முழ அகலத்துக்கு வானம் மட்டும்தான். சூசை விளிம்பில் நின்றார்.

அப்போது பக்கத்திலேயே யாரோ பேசினார்கள்.

“இன்னைக்கு என்ன வெஞ்சனம்?”

“கத்திரிக்காதான். நேத்து வச்சது கெடக்கு.”

சூசை திடுக்கிட்டுத் திரும்பினார். மேலே யாரும் இல்லை. அடிவாரத்தில், புளியமரத்து நிழலில், விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பெண்கள் விரலளவுக்குத் தெரிந்தார்கள். பாறை அவர்கள் பேச்சை அள்ளிக்கொண்டு வந்து பிளவுக்குள் கொட்டியது. ஒருத்தி செருமியதுகூடக் கேட்டது.

சிவனம்மாள் அசையாமல் இருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. புதன்கிழமை காலையில் அந்த மரத்தடியில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் மேலே பார்க்காமலே சொன்னாள்: “நீங்க கீழ போங்கண்ணே. போயி அங்க நின்னு பேசுங்க.”

“என்னம்மா பேச?”

“எதாச்சும்.”

சூசை தனியாக இறங்கினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்கள் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மரத்தடியில் நின்று மேலே பார்த்தார். பாறைதான் தெரிந்தது. பழனி ரோட்டில் ஒரு பஸ் போய் ஓய்ந்தது. பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

“முத்துச்சாமி, நான் சூசை. தேடி வந்தோம்ப்பா. நான்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டேன்.”

மேலேயிருந்து எதுவும் வரவில்லை. அவர் அங்கேயே நின்றார்.

சிவனம்மாள் இறங்கி வந்தபோது உச்சிவெயில். முழங்கையில் பாறை உரசிய சிராய்ப்பு.

“கேட்டுச்சாம்மா?”

“நல்லாக் கேட்டுச்சு” என்றாள். ஆடுகள் ஓடைப் பக்கம் போயிருந்தன. அவள் அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள்.

சூசைமாணிக்கம் அடுத்த வருசம் ஓய்வு பெற்றார். பைனாகுலரை ஆபீசில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சிவனம்மாள் அதற்கு முன்பே ஆடுகளை விற்றுவிட்டுப் பாலசமுத்திரத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். அவளாக அந்தப் பேச்சை யாரிடமும் எடுக்கவில்லை. அவர் கண்ணைப் பற்றி ஊரில் சொல்லிவந்தது அப்படியே இருந்தது; அவரும் அதை மாற்றவில்லை. ஏஞ்சலினிடம் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நடந்து வருகிற வழியில், முழுவதையும் சொன்னார். அவள் குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வீடு வருகிற வரைக்கும் நடந்தாள்.