ஓர் ஆளைக் கேட்டால் ஊரே வரும்

எண்பதுகளில் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் கணினி அறை என் உலகம். வெளியே வெயில் கொளுத்தும்; உள்ளே இயந்திரத்துக்காக வைத்த குளிரில் நாங்கள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்போம். அண்ணன் அதே பட்டறையில் வெல்டர். விபத்துச் சைரன் கேட்டாலே எனக்கு அண்ணன் முகம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

பெயர், வீடு, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று தொழிலாளர் விவரங்களை எடுக்கும் புரோகிராமை எழுதும்போது மேலதிகாரி ஒரே பிடியாக நின்றார்.

"ஒரு ஆளக் கேட்டா அவர் சம்பந்தப்பட்டது அத்தனையும் ஒரே தடவையில வரணும் லா."

ஆளோடு பெண்டாட்டி பிள்ளைகள், விபத்தென்றால் யாருக்குச் சொல்வது, இவர் வேறு யார் யாருக்கெல்லாம் செய்தி வாங்கும் பொறுப்பில் இருக்கிறார், எல்லாம் இழுபட்டு வரும். இத்தனை எதற்கு என்று கேட்டேன். பெண் பேச்சு எங்கே எடுபட்டது?

எங்கள் ஆட்கள் பலர் வீட்டில் அப்போது டெலிபோன் கிடையாது. குடியிருப்பில் போன் வைத்திருந்த ஒரு மேஸ்திரியின் பெயரையே எல்லாரும் விபத்துத் தகவலுக்குக் கொடுத்திருந்தார்கள், அண்ணன் உட்பட. செய்தி வந்தால் மேஸ்திரியின் மனைவி வீடு வீடாக ஓடிப்போய்ச் சொல்வார்.

ஒரு காலை சைரன் ஊதியது. பட்டறை கிளினிக்கிலிருந்து நர்ஸ் பேசினாள்.

"கப்பலுக்குள்ள தீ, அக்கா. ஒருத்தருக்கு நினைவில்ல, மூஞ்சி அடையாளமே தெரியல. ஹெல்மெட்ல நம்பர் மட்டும் இருக்கு. ஊசி போடணும், எது ஒத்துக்காதுன்னு பாருங்க."

அண்ணனின் எண் எனக்குத் தெரியாது. தங்கை என்று பெயர்தான். நர்ஸ் சொன்ன எண்ணைத் தட்டினேன். திரை கறுப்பாகவே நின்றது. மற்ற எண்களுக்குச் சட்டென்று வருவது அன்று வரவில்லை. அண்ணனாக இருக்கக் கூடாது, அண்ணனாக இருக்கக் கூடாது என்று வாய்விட்டே சொன்னேன்.

"அக்கா, சீக்கிரம்!"

தேடலை நிறுத்தினேன். அந்த எண்ணின் பதிவு மட்டும் போதும், கூட யாரும் வேண்டாம் என்று கட்டளையைக் கையால் திருத்தி அடித்தேன். இரண்டு தடவை பிழை விழுந்தது. மூன்றாவதில் பெயர் வந்தது.

அண்ணன் இல்லை. அந்த நொடி எனக்கு வந்தது சந்தோஷம்தான்; அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அப்புறம்தான் பெயரை ஒழுங்காகப் படித்தேன். மேஸ்திரி. பட்டறையில் பாதிப் பேரின் பதிவுகள் அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு கிளம்பி வந்ததில்தான் இயந்திரம் திணறியிருக்கிறது.

"பெனிசிலின் ஆகாது," என்று கத்தினேன்.

"நல்லவேளை, அதத்தான் கையில எடுத்தேன். வீட்டுக்குச் சொல்லிடுங்க அக்கா."

அவர் பிழைத்தது பிறகு தெரிந்த கதை. அப்போது எனக்குத் தெரிந்தது அந்த டெலிபோன் நம்பர் மட்டும். முதல் மணியிலேயே அவர் மனைவி எடுத்தார். சைரன் அங்கேயும் கேட்டிருக்க வேண்டும். பட்டறையிலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"சொல்லும்மா, செருப்பு மாட்டிட்டேன்," என்றார். "யாரு வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்?"