பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூல் கார்களில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டக் கற்பவரின் காலடியில் இருப்பது போலவே, பக்கத்து சீட்டில் இருக்கும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து என்றால் மட்டும் அதை மிதிக்க வேண்டும். நம் மாஸ்டர் அதன் பக்கத்தில் காலைச் சும்மா போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் கிண்டலடித்தே ஊரில் பாதிப் பேரை ஓட்ட வைத்தவர். "ஸ்டீயரிங்கை ஏம்மா இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க? கழட்டி வீட்டுக்கா கொண்டு போகப் போறீங்க?" என்பார். இறுக்கிப் பிடித்த கைகூடத் தளர்ந்துவிடும்.

அந்த மனுஷருக்குத்தான் கொஞ்ச காலமாக வாய் அடைத்துப் போயிருந்தது. காலையில் கண் விழித்ததும் ஏன்தான் விழித்தோமோ என்றிருக்கும். மகள் போனை எடுக்காவிட்டால் அவள் எங்கோ அடிபட்டுக் கிடக்கிறாள். முதலாளி முகம் கொடுத்துப் பேசாவிட்டால் வேலை போகப் போகிறது. மனைவி சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்காவிட்டால் தன்னால்தான் அவளுக்குச் சிரிப்பில்லை. எப்படிச் சுற்றினாலும் பழி அவர் தலையில்தான் வந்து விடியும். நீயெல்லாம் எதற்கும் லாயக்கில்லை என்று படுக்கையிலேயே தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இது வியாதியாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம், இப்போதுதான் புத்தி தெளிந்திருக்கிறது என்று நினைத்தார். இந்தப் பாழாய்ப்போன வியாதியின் கொடுமையே அதுதான்.

மனைவி கேட்காமல் இல்லை. "என்னங்க, எதுவானாலும் வாயைத் திறந்து சொல்லுங்களேன்," என்பாள். "நல்லாத்தான் இருக்கேன், விடு," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

தையல்காரம்மா அவரிடம் கற்க வந்தது அந்த நேரத்தில்தான். கணவரை இழந்தவள். மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துபோனது. கடைகளுக்குக் காரில் மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஒன்று கைகூடி வந்திருந்தது, லைசென்ஸ் இல்லாததுதான் தடை. ஏற்கெனவே இரண்டு முறை டெஸ்டில் தோற்றுவிட்டாள். இரண்டு முறையும் மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். மாஸ்டர் கால் வைத்தால் ஓட்டுபவர் பெயில், அது சட்டம். "நீங்க கண்ணாடியைச் சரியா பார்க்கல," என்று ஒரு முறை சொன்னார். "கொஞ்சம் வேகம்," என்று இன்னொரு முறை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

மூன்றாவது டெஸ்ட். இந்த முறையும் தவறினால் மருந்துக் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் உட்கார்ந்தார். அவள் அலுங்காமல் குலுங்காமல் ஓட்டினாள். டெஸ்ட் கிரவுண்டின் உள்சாலையில் கடைசித் திருப்பம் வந்தது. ஒரு குழந்தை குறுக்கே பாயப் போகிறது என்று மாஸ்டருக்குத் தோன்றியது. கால் இறங்கிவிட்டது.

கார் குலுங்கி நின்றது. சாலையில் ஈ காக்கை இல்லை.

"மாஸ்டர் மிதிச்சாச்சு. பெயில்," என்று சொல்லி இன்ஸ்பெக்டர் இறங்கிப் போனார்.

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "என்ன தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது மாஸ்டர். நானெல்லாம் எதுக்கும் லாயக்கில்ல போல."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் காலையில் தனக்குச் சொல்லிக்கொள்ளும் அதே வார்த்தை. தன் விஷயத்தில் அதைச் சத்தியமென்று நம்பியவருக்கு, அவள் விஷயத்தில் அது பச்சைப் பொய் என்று நன்றாகத் தெரிந்தது. ஒரு குறையும் இல்லாமல் ஓட்டியவளை இப்படிப் பேச வைத்தது யார்? ஆளில்லாத சாலையை மறுபடி பார்த்தார். அப்படியானால் மகள், முதலாளி, மனைவி என்று இத்தனை நாள் கண்டதில் எது இருந்தது, எது இல்லை?

இறங்கி இன்ஸ்பெக்டரிடம் போனார். டெஸ்டுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார்.

"சார், அந்தம்மா நல்லாத்தான் ஓட்டினாங்க. முன்னாடி ரெண்டு தடவையும் நல்லாத்தான் ஓட்டினாங்க. இல்லாததெல்லாம் எனக்குத் தெரியுது சார். எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் அவர் முகத்தையே பார்த்தார். "சரி, நானே பக்கத்துல உட்கார்ந்து அவங்களை இன்னொரு தடவை பார்க்கிறேன். ஆனா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வர்ற வரைக்கும் நீங்க அந்த சீட்டுல உட்காரக் கூடாது."

மதில் ஓரத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார் மாஸ்டர். பார்த்தாயா, வேலையும் போச்சு, நீ இருந்து யாருக்கு என்ன லாபம் என்று மனசு ஆரம்பித்துவிட்டது. வாசல் கேட்டுக்கு வெளியே லாரிகள் விரைந்துகொண்டிருந்தன. தான் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பதைத் திடீரென்று கவனித்தார். மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, இந்த நேரத்துல? நல்லா இருக்கீங்கல்ல?"

நல்லாத்தான் இருக்கேன் என்பது வாய்வரை வந்தது. விழுங்கினார். "இல்லம்மா. என்னால முடியல. எனக்கு என்னை நினைச்சாலே பயமா இருக்கு."

"எங்க இருக்கீங்க?"

"டெஸ்ட் கிரவுண்டுல."

"அங்கேயே இருங்க, இப்பவே கிளம்பறேன். நான் வர்ற வரைக்கும் பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் கார் திரும்பி வந்து நின்றது. தையல்காரம்மா பாஸ் என்று எழுதிய தாளோடு இறங்கி அவரைத் தேடி வந்தாள். மருந்துக் கம்பெனி மூடுவதற்குள் அவள் அதைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? இருந்தும் கேட்டார்.

"என் வீட்டுக்காரி வர்ற வரைக்கும் கொஞ்சம் கூட இருக்கீங்களாம்மா? என்னைத் தனியா விட்டுடாதீங்க."

அவள் வெளியே ஓடும் லாரிகளைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், அவருக்கும் வாசல் கேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"இருக்காங்க," என்றார் மாஸ்டர் போனில்.