வெர்டெல் அக்காவின் முதல் மசோதா

வெர்டெல் ஹார்குரோவ் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எங்காவது போய்விடுவாள். பிரையர் க்ரீக் என்ற சிற்றூரில் அவளிடம் முடி அலசத் தலை கொடுத்த பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஷாம்பு நுரைக்குள் விரல்கள் தாமாக ஓடிக்கொண்டிருக்கும். கண்கள் ஜன்னலுக்கு வெளியே மூடிக்கிடக்கும் பஞ்சு மில்லின்மேல் நிற்கும். "அக்கா, கண்ணுல தண்ணி போகுது!" என்று கத்தினால்தான் திரும்பி வருவாள். காலமெல்லாம் அழகு நிலையம் நடத்தியவளுக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் வக்கீல்களுக்கு மட்டும் என்ன வேலையாம்?

அவள் கணவன் க்ளெமென்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். பிள்ளைகளைச் சிரிக்க வைக்காமல் ஒரு நிறுத்தத்தையும் தாண்டமாட்டான். ஓர் ஆகஸ்ட் காலையில் அவனுக்கு நெஞ்சு வலித்தது. எந்த தேசத்திலோ உட்கார்ந்திருந்த திருடர்கள் மாவட்ட ஆஸ்பத்திரியின் கணினிகளையெல்லாம் முடக்கிவிட்டு, விடுவிக்கப் பணம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஆம்புலன்ஸை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அடுத்த ஆஸ்பத்திரி வெகு தூரம். வழியில், இரு பக்கமும் சோளம் அசைந்துகொண்டிருந்த ரோட்டில், வெர்டெல்லின் கையைப் பிடித்தபடியே க்ளெமென்ட் போய்விட்டான்.

அதன்பிறகு அவளுக்கு ஒரு பகற்கனவு வரத் தொடங்கியது. பஞ்சு மில்லின் உடைந்த ஜன்னல்களில் புதுக் கண்ணாடி. உள்ளே மீன்தொட்டி போல நீல வெளிச்சம். ஊர்ப் பிள்ளைகள் கணினிகளுக்கு முன்னால் காபியோடு உட்கார்ந்து, மாநிலத்தின் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் காவல் இருக்கிறார்கள். அந்தக் கனவில் ஆம்புலன்ஸ் ஒவ்வொரு முறையும் உள்ளே போகும்.

தேர்தலில் நின்றது அதற்காகத்தான். ஜெயித்து வந்ததும் தலைநகரத்து ஆட்கள் கனவைச் சட்ட மொழியில் எழுதிக் கொடுத்தார்கள். மாநில சைபர் தொழில்நுட்ப ஆய்வு ஆணையம், அதற்கு ஒரு நிர்வாகக் குழு, பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம், தலைமையிடம் பிரையர் க்ரீக். க்ளெமென்டின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவளும் அவையில் யாரிடமும் சொல்லவில்லை. செத்தவனைக் காட்டி ஓட்டுக் கேட்டாள் என்ற பேச்சு அவளுக்கு வேண்டாம்.

அந்த அவையில் ஒரு வழக்கம். புது உறுப்பினரின் முதல் மசோதாவை எல்லாரும் சேர்ந்து கலாய்ப்பார்கள். கோணங்கிக் கேள்விகள் கேட்பார்கள். பிறகு மொத்தப் பேரும் எதிர்த்து வாக்களிப்பார்கள். சுவரிலிருக்கும் பலகையில் எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் சிவப்பு எரியும். புது ஆளின் முகம் தொங்கியதும் சிரித்துக்கொண்டே பச்சைக்கு மாற்றுவார்கள். அதுவரை அவைத்தலைவர் வாக்குப்பதிவை முடிக்காமல் பார்த்துக்கொள்வார்.

வெர்டெல்லின் முறை ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. முதலில் எழுந்தவர் டப் லாசிட்டர், வேர்க்கடலை விவசாயி, கிண்டலில் மன்னன்.

"அக்கா, உங்க ஆணையத்துல முடி சுருட்டி விடுவாங்களா?"

"விடுவாங்க தம்பி. ஆனா சுருட்டறதுக்கு உங்க தலையில ஏதாவது மிச்சம் இருக்கணுமே!"

அவையே அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒருவர், "என் பொண்டாட்டி என் போனை நோண்டுறா. அதை நிறுத்த ஆணையம் ஏதாவது பண்ணுமா?" என்றார்.

"முதல்ல நீங்க நிறுத்த வேண்டியதை நிறுத்துங்க. அவங்க தானா நிறுத்திடுவாங்க."

வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பதில் சொல்லி முடித்து இருக்கைக்குத் திரும்பியபோது பலகை வரிசையாகச் சிவந்துகொண்டிருந்தது. இந்தக் கூத்தில் க்ளெமென்ட் இருந்தால் முதல் ஆளாகச் சிவப்பை அழுத்தியிருப்பான் என்று தோன்றியது. எப்படியும் எல்லாம் பச்சையாகிவிடும் என்று தெரியும். சிரித்தபடியே தன் மேஜையில் இருந்த சிவப்புப் பொத்தானை அவளும் அழுத்தினாள்.

அவைத்தலைவர் ஏதோ அவசரமாக வெளியே போயிருந்தார். அவர் நாற்காலியில் ஹோலிஸ் என்ற இளம் புது உறுப்பினர், முதல்முறையாக. இந்த விளையாட்டெல்லாம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. பலகையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், "வாக்குப்பதிவு முடிந்தது. மசோதா தோற்றது" என்று சுத்தியலைத் தட்டினார்.

சிரிப்பு நின்றது. ஒரு பெயர் விடாமல் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்தபடி வெர்டெல் உட்கார்ந்திருந்தாள். சோளக்காட்டு ரோடு கண்முன்னால் ஓடியது. அவன் செத்ததை இவ்வளவு நாளில் முதல்முறையாக மறந்து சிரித்திருக்கிறாள். அந்த ஒரு நிமிஷத்திலா அவனுக்காகக் கொண்டுவந்ததும் தோற்றுப்போக வேண்டும்?

தோற்ற மசோதாவை மறுபடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவர ஒரு வழி இருந்தது. எதிர்த்து வாக்களித்த ஒருவர் எழுந்து, அன்றைக்கே கேட்க வேண்டும். டப் எழுவதற்கு நாற்காலியைத் தள்ளினார். அதற்குள் வெர்டெல் எழுந்துவிட்டாள்.

"நான் கேக்குறேன்."

"நீங்க முடியாதுங்களே. எதிர்த்தவங்கதான்..." என்று ஹோலிஸ் இழுத்தார்.

"நானும்தான் எதிர்த்தேன். பலகையைப் பாருங்க."

பார்த்தார்கள். அவள் பெயருக்குப் பக்கத்திலும் சிவப்பு.

"என் வீட்டுக்காரர் க்ளெமென்ட். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரை எவனோ முடக்கினதால ஆம்புலன்ஸை வாசல்லயே திருப்பிட்டாங்க. ரோட்டுல செத்துப்போனாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இப்ப சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

டப் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மன்னிச்சிடுங்க அக்கா. சத்தியமா எங்களுக்குத் தெரியாது."

"நானும்தானே தம்பி சிரிச்சேன்."

மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை ஹோலிஸ் அவசரப்படவில்லை. பலகையில் பச்சை ஒவ்வொன்றாக வந்தது, பின்பு மொத்தமாக வந்தது. மசோதா நிறைவேறியது. கைதட்டல் எழுந்தது, ஓய்ந்தது. அடுத்த மசோதாவைக்கூட வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். வெர்டெல்லின் விரல் மட்டும் பச்சைப் பொத்தானை விட்டு எழும்பவில்லை. அவள் கண்முன்னால் அந்த ஆம்புலன்ஸ் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

டப் மெதுவாக வந்து பக்கத்தில் குனிந்தார். "பதிவாயிடுச்சு அக்கா. விரலை எடுத்துடலாம்."

"தெரியும்பா. இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள் வெர்டெல்.