அம்பு விட்ட தாய்

ஆரணி கண் ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். வேட்டியில் ஒரு கசங்கல் இருக்காது. யார் பேசினாலும் பிழை திருத்துவார்.

எதிர்க் கட்டிலில் பட்டு நெய்கிற ஒரு அம்மா, கண்ணில் கட்டோடு. தினமும் மாலையில் போனில் வானொலி நாடகம் கேட்பார். பழைய மாயாஜால நாவலை நாடகமாக்கியிருந்தார்கள். பறவையாக மாறிவிட்ட மகளைத் தேடி ஒரு தாய் மலை மலையாக அலைகிறாள்.

கடைசிப் பாகத்துக்கு முந்தின நாள் அந்த அம்மா கேட்டார்: "சார், நீங்க படிச்சவரு. அந்தப் பொண்ணு கெடைச்சிடுமா?"

"பெத்த தாயே, மகள்னு தெரியாம அந்தப் பறவைய அம்பு விட்டுக் கொன்னுடுவா. புத்தகத்துல அப்படித்தான்."

அம்மா அழுதார். கட்டு நனைந்துவிட்டது என்று நர்ஸ் திட்டினார். மறுநாள் காலை வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம், "இனிமே அத நான் கேக்கவே மாட்டேங்க" என்றார்.

அன்று மாலை கடைசிப் பாகத்தை என் போனில் நான் கேட்டேன். மகள் பெண்ணாகி, தாயிடம் வந்து சேர்ந்தாள்.

"சார், அந்தப் புத்தகத்தப் படிச்சிருக்கீங்களா?"

"இல்லையே. கேட்டாங்க, சொன்னேன்."

அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.