இடக்கை முடிச்சு

கப்பல் பொம்மையில் பேயா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். நானும் அப்படிச் சிரிக்கிற ரகம்தான். இருட்டைக் கண்டு பயப்படுகிறவளும் இல்லை. இது நடந்தது பட்டப்பகலில். நேரத்தைக்கூடக் குறித்து வைத்திருக்கிறேன், பின்னால் எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதற்காக.

மாதிரிப் பாய்மரக் கப்பல்களுக்குக் கயிறு கட்டுவது என் பிழைப்பு. பாய்மரத்தின் இரு பக்கமும் மாலுமிகள் ஏறுவதற்குக் கயிற்று ஏணி இருக்கும், படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் ஒவ்வொரு படியையும் இடுக்கியால் நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்ட வேண்டும். இரண்டு சுற்று, நடுவில் குறுக்கே ஒரு சாய்வு. என்னைப் போன்ற வலக்கைக்காரர் கட்டினால் சாய்வு வலப்பக்கம் விழும். இடக்கைக்காரர் கட்டினால் இடப்பக்கம். கையெழுத்தைக்கூட மாற்றிவிடலாம், இதை மாற்றுவது லேசில்லை. பத்துப் படி கட்டுவதற்குள் கை தன் வழிக்கே வந்துவிடும்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அம்மா அப்பா இல்லாத வீடு, அவளை வளர்த்தது நான்தான். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். திடீரென்று நெஞ்சுவலி வந்து போய்விட்டாள் என்று சொல்லியிருந்தார். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். எனக்கும் பிடித்துத்தான் போயிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே கோபம் கோபமாக வருகிறது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அவ பண்ணினது, அக்கா. பாதியில நிக்குது. நீங்க முடிச்சுக் கொடுத்தா எங்க ஹால்ல வச்சுக்கலாம்."

மூன்று பாய்மரங்கள். இரண்டு முடிந்திருந்தன. மூன்றாவது மொட்டையாக நின்றது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அத்தனை முடிச்சும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

பாதியில் நின்ற கப்பலை எடுத்தால் முதல் கையை ஒட்டியே கட்ட வேண்டும். அது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை. யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் என் கைப்போக்கிலேயே கட்ட ஆரம்பித்தேன். சோம்பல், வேறென்ன.

வெள்ளிக்கிழமை. பகல் 2.10. தங்கை வேலைக்குப் போயிருந்தாள். வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆறு படி கட்டி, முடிச்சுக்கு ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டு டீ போட எழுந்தேன்.

2.25க்கு வந்து பார்த்தால் ஆறு படியும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

'வயசாகுதுடி உனக்கு' என்று என்னை நானே கிண்டல் செய்துகொண்டேன். ஆனால் ஒன்று உறுத்தியது. அந்தப் பசை ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். இது ஈரமாக இருந்தது. இடுக்கியும் மேசையின் இடது ஓரத்தில் கிடந்தது. நான் அங்கே வைக்கவே மாட்டேன்.

எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டினேன். ஆறே படி. எண்ணிக் கட்டினேன்.

2.52. அடுத்த அறையில் போன் அடித்தது. தங்கை.

"கப்பல் எந்த அளவுல இருக்குக்கா?"

"போகுது. அந்தம்மாவுக்கு என்ன கைடி!"

"இவருக்கும் அந்த முடிச்சு போட வருமாம். அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்களாம். ஆனா இவரும் உன்னை மாதிரி சோத்துக்கைக்காரராச்சே... கப்பலைத் தொடவே விட மாட்டாங்களாம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சட்டென்று அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அக்கா... கூட யாரு இருக்கா?"

"யாருமில்லயே. ஏன்?"

"கத்தரி சத்தம் கேக்குதே."

எனக்கும் கேட்டது. டிக்... டிக்... நூலை நறுக்குகிற சத்தம். வேலை மேசை இருக்கும் அறையிலிருந்து.

போனை வைத்துவிட்டுப் போனேன். 2.58. அறையில் யாருமில்லை. மேசையில் நூல் உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஏணியில் பன்னிரண்டு படிகள். பன்னிரண்டும் இடப்பக்கம்.

உட்கார்ந்தேன். பயத்தைவிட வீம்பு அதிகம் எனக்கு. பதின்மூன்றாவது படியில் ஒரே ஒரு முடிச்சு போட்டேன், வலப்பக்கம். பசை வைக்கவில்லை. கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

3.04. முடிச்சு தளர்ந்தது.

நூல் தானாக எழுந்தது. ஒரு சுற்று... இரண்டாவது சுற்று... குறுக்கே, இடப்பக்கம். ஸ்ர்ர் என்று இறுகியது.

மறுபடி தளர்ந்தது. மறுபடி கட்டியது. இந்த முறை இன்னும் மெதுவாக. மக்குக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல.

இடுக்கியை இழுத்தேன். வரவில்லை.

மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

3.11... தெருவில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

தங்கையிடம் சொல்ல வாய் வரவில்லை. கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மறுநாள் காலை பெட்டிக்குள் வைத்தேன். கண்ணாடிக் கதவு மூட மறுத்தது. பெட்டியின் அடியில் அதைச் செய்த தச்சரின் நம்பர் எழுதியிருந்தது. கூப்பிட்டேன். 11.30க்கு வந்தார். கப்பலைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"இது எங்க பில்டிங் மூணாவது மாடி அம்மாவோடதாச்சே?"

"ஆமா. நெஞ்சுவலியில போனாங்களாமே."

"யாரு சொன்னா? தூக்குல தொங்கினாங்க. கதவை உடைச்சதே நான்தான். சாத்தினா தானா பூட்டிக்கிற கதவு, சாவி இல்லன்னு அவங்க வீட்டுக்காரர் ஓடி வந்து கூப்பிட்டாரு."

நூல் திரும்பத் திரும்பக் கட்டிக் காட்டியது ஞாபகம் வர, கயிற்றில் எந்த முடிச்சு என்று கேட்டேன்.

"போலீஸ் வர்றதுக்குள்ள யாரும் கை வச்சிடக் கூடாதுன்னு போட்டோ எடுத்தேன். அழிக்க மனசு வரல."

போனை நீட்டினார். முகத்தை நான் பார்க்கவில்லை. மேலே, இரும்புக் கம்பியில் கட்டிய இடத்தை மட்டும் பெரிதாக்கினேன்.

இரண்டு சுற்று. குறுக்கே ஒரு சாய்வு. எங்கள் ஏணி முடிச்சேதான்.

சாய்வு வலப்பக்கம்.

கல்யாணத்தை நிறுத்திவிட்டேன். தங்கை நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. போகட்டும், உயிரோடு இருக்கிறாள். காவல் நிலையத்துக்கும் போனேன். "முடிச்சு சாய்ஞ்சிருக்குன்னு யார் மேல கேஸ் போடறதும்மா?" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மாப்பிள்ளையும் கப்பலைத் திரும்பக் கேட்கவே இல்லை.

போன வாரம் தச்சர் போன் செய்தார். அந்த மனிதர் மூன்றாவது மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாராம். வேறு ஊரில் கல்யாணமும் ஆகிவிட்டதாம். எந்த ஊர், எந்தப் பெண் என்று நானும் கேட்காத ஆளில்லை. யாருக்கும் தெரியவில்லை.