இரண்டும் ஒன்றாம் எண்

கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டம் 'பூதக்கண்ணாடி'. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாமல் இருக்கவும் மாட்டார்கள்.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைச் சேர்த்து வைப்பவர்கள், வாங்குவதற்கு முன் அவளிடம் கொண்டு வருவார்கள். சொன்ன பட்டறையில்தான் அது பிறந்ததா, குழலும் உடலும் ஒரே துப்பாக்கியுடையவையா, நடுவில் யாராவது கை வைத்தார்களா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கட்டைக்கு மெருகு போடும் பெண்ணாக அந்தக் கடைக்கு வந்தவள், மெருகுக்கு அடியில் மறைந்திருந்த பொய்களைப் பார்த்துப் பார்த்தே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். வரும்போது "வாங்கம்மா, போங்கம்மா" என்று குழைகிறவர்கள் திரும்பும்போது சாபம் கொடுத்துவிட்டுப் போவார்கள். தளபதி ஒருவர் வேட்டைக்குக் கொண்டுபோன துப்பாக்கி என்று பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒருவரிடம், "தலை ஒருத்தருது, உடம்பு ஒருத்தருது. நடுவுல ஒட்டுப் போட்டவன்தான் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் வாசற்படியில் காறித் துப்பிவிட்டுப் போனார். அவள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்து அடுத்ததைக் கையில் எடுத்தாள்.

அவள் மனம் நொந்தது அதற்கெல்லாம் அல்ல. ஊரார் துப்பாக்கிகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவளுக்கு, சொந்த வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்த துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்த முள்தான் உள்ளே உட்கார்ந்து சீழ் பிடித்தது.

அவள் மாமனாரிடம் ஒரு ஜோடி இருந்தது. ஜோடி என்றால் சும்மா இரண்டு அல்ல. ஒரே பட்டறையில், ஒரே மரத்தில் கட்டை எடுத்து, ஒரே கை செதுக்கிய இரட்டைப் பிள்ளைகள். குழலைத் திறக்கும் நெம்புகோலின் மேல் ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் தங்கத்தில் பதித்திருப்பார்கள். மாமனார் உயிரோடு இருந்தவரை பிள்ளைகள் யாரையும் அவற்றின் பக்கத்தில் விட்டதில்லை. இரண்டையும் அவரே துடைப்பார், அவரே சுடுவார். அவர் கண்ணை மூடிய பிறகு அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று உறைகளைத் திறந்தார்கள். இரண்டிலும் 1 என்றே இருந்தது.

அன்றைக்கே அண்ணனான பெரியவர் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "அப்பா படுக்கையில கிடந்தப்ப பெட்டிச் சாவி உன்கிட்டதானேடா இருந்துச்சு? உன்னோடதைத் திருத்தி எனக்குச் சமமா வந்துட்டியா? திருட்டுப் பயலே."

தம்பி, அதாவது அவள் கணவர், வாயைத் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் அவளைக் குடைந்தது. குற்றம் இல்லாதவன் ஒரு தடவையாவது கத்த மாட்டானா?

"ஒரே ஒரு தடவை எடுத்துக் குடுங்க. பார்த்துச் சொல்லிடறேன்" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

"உன் கடையை இங்க விரிக்காதே" என்பார் அவர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப் புகைந்துகொண்டிருந்தது ஒருநாள் பற்றிக்கொண்டது. பெரியவர் தன் துப்பாக்கியை ஒரு சேகரிப்பாளரிடம் காட்டப் போயிருக்கிறார். "இது ஜோடியில ஒண்ணாம் நம்பராச்சே, ரெண்டாவது எங்கே?" என்று அவர் கேட்க, "தம்பிகிட்ட இருக்கறதுலயும் ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு" என்று இவர் சொல்ல, கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை அப்படியே சுமந்துகொண்டு, மனைவியோடு நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

"ஊரு நியாயமெல்லாம் சொல்றியே, உன் வீட்டு நியாயத்தையும் இன்னிக்குச் சொல்லு" என்று தன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். "அவன் செஞ்சதுன்னு தெரிஞ்சா, எனக்குத் தம்பியே இல்லேன்னு எழுதி வாங்கிக்கறேன்."

"அவ எங்கே சொல்லப் போறா?" என்றாள் ஓரகத்தி. "அடுத்தவன் வீட்டுப் பொய்னா மோப்பம் பிடிப்பா. சொந்தப் பொய்க்கு ஜலதோஷம் வந்துடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. போனை எடுத்துக் கணவரை அழைத்தாள். "இன்னிக்கு அந்தத் துப்பாக்கி இந்த மேஜைக்கு வரலேன்னா, நானும் உங்க அண்ணன் சொல்றதைத்தான் நம்பணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். வராமலே இருந்துவிட்டால்? வந்து, அது உண்மையாகவே இருந்துவிட்டால்?

கணவர் வருவதற்குள் பெரியவருடையதைப் பார்த்தாள், அதில் குறையே இல்லை. தங்கம் பதித்த நாளில் இருந்தது போலவே இருந்தது. அதைக் கேட்டதும் ஓரகத்தி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கணவர் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் உறையை நீட்டினார். சோதிக்கும்போது அந்தத் துப்பாக்கிக்கு உரியவர் மட்டுமே உள்ளே இருக்கலாம் என்பது கடையின் விதி. அண்ணனும் அண்ணியும் முன்கூடத்துக்குப் போனார்கள்.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். 1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், நிரப்பி மழித்த இரும்புக்குள், ஒரு வளைவு நிழலாகத் தெரிந்தது. குழலுக்கு அடியில் இருந்த முன்கட்டையைக் கழற்றினாள். வெளிப்பார்வைக்குப் படாத இடத்தில் பட்டறைக்காரன் தட்டி வைத்த 2 அப்படியே இருந்தது. அதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

"மாத்தியிருக்கு" என்றாள்.

"தெரியும்."

அந்த ஒரு சொல்லில் அவள் குடும்பமே இடிந்து விழுந்தது போலிருந்தது. இத்தனை வருஷம் ஒரு திருடனுக்கா சோறு போட்டோம், ஒரு திருடனுக்கா பிள்ளை பெற்றோம் என்று நெஞ்சு விம்மியது. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் கை பழகிய கை. பாதியில் விட அதற்குத் தெரியாது. மறுபடியும் எடுத்து, எண்ணின் ஓரங்களைப் பார்த்தாள்.

புதிதாகச் செதுக்கிய ஓரம் நகத்தில் இடறும். இது இடறவில்லை. கூழாங்கல் போல வழுவழுத்துக் கிடந்தது. இரும்பில் ஓடிய மெல்லிய கீறல்கள் தங்கத்தின் மேலும் நிற்காமல் ஓடின. இந்த 1 பதித்த பிறகு, ஒரு கட்டைவிரல் வருஷக்கணக்கில் இதன்மேல் போய்ப்போய் வந்திருக்கிறது. தன் கைக்கு வந்த நாளிலிருந்து கணவர் இதை உறையைவிட்டு எடுத்ததே இல்லை.

"இது உங்க அப்பா தேய்ச்சது" என்றாள் மெதுவாக. "நீங்க பையனா இருந்தப்பவே மாத்தினது. மாத்தினது அவர்தான்."

கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு எல்லாமே அண்ணன் போட்டுக் கழிச்சதுதான். சட்டை, செருப்பு, புஸ்தகம். துப்பாக்கியிலயும் ரெண்டாவதான்னு ஒருநாள் அழுதேன். கொஞ்ச நாள் கழிச்சுக் கூப்பிட்டுக் காட்டினார். பாருடா, நீயும் ஒண்ணுதான், அண்ணன்கிட்ட சொல்லிடாதேன்னார்."

"இதை வெளிய சொல்லியிருக்கலாமே. அத்தனை ஏச்சையும் எதுக்கு வாங்கினீங்க?"

"திருடன்னா என்னைத்தானே வெறுப்பார்? இது தெரிஞ்சா அப்பாவை வெறுப்பார். நீயும் சொல்லாதே."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தன் பிள்ளைகளின் தகப்பனைத் திருடன் என்று இன்னொரு தடவை கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. கதவைத் திறந்து பெரியவரை உள்ளே கூப்பிட்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்தாள்.

பெரியவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலை நெம்புகோலின் மேல் வைத்து ஒரு முறை தேய்த்தார்.

"ரெண்டு பேரும் முதலாவதா இருக்கட்டும்னு நினைச்சிருப்பார், பெரியத்தான்" என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் முதலாவதுன்னா முதலாவதுக்கு என்ன மரியாதை?" என்றார். குரல் கிழிந்திருந்தது. கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார். "நீ அவன் பொண்டாட்டி. அப்படித்தான் சொல்லுவே. எங்கப்பாமேல பழி போட்டு இவனைக் காப்பாத்தப் பார்க்கிறே."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் ஓரகத்தி.

வேறு யாரிடம் வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்ற பதில் அவள் நாக்கு நுனி வரை வந்தது. எத்தனையோ பேர் வாயை அடைத்த பதில் அது. ஆனால் பெரியவரின் கண்களைப் பார்த்தாள். அவர் நம்பிவிட்டார். நம்பியதைத் தாங்க முடியாமல்தான் அவளைப் பொய்க்காரி ஆக்குகிறார். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

பெரியவர் தன் துப்பாக்கியை உறையில் போட்டார். இரண்டு முறை முயன்றும் வாரைக் கொக்கியில் மாட்ட வரவில்லை. தம்பி ஓரடி முன்னால் வந்து கை நீட்டினார்.

"தொடாதேடா, திருடா."

தம்பி கையை எடுத்துக்கொண்டார். "சரிண்ணா" என்றார்.