பீடத்தில் ஏறிய பாட்டுக்காரி

என்னிடம் ஐந்து ஆயர்கள், மூன்று தளபதிகள், நஞ்சு வைத்துப் பிடிபட்ட ஒரு வைத்தியர், ஒரு பாட்டுக்காரி இருக்கிறார்கள். இன்னும் நூற்றுச் சொச்சம் பேர். எல்லோரும் வெள்ளைக்காரர், எல்லோரும் எப்போதோ செத்துப் போனவர்கள். குருநகரில் எங்கள் வீட்டு அலுமாரியில், ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

விக்டோரியா காலத்தில் சீமையில் பெயர் பெற்றவர்களைப் படம் பிடித்து, உள்ளங்கையளவு மட்டையில் ஒட்டிக் கடைகளில் விற்றார்களாம். சனம் அவற்றை வாங்கித் தங்கள் மாமன் மச்சானின் படங்களோடு சேர்த்து அல்பத்தில் செருகி வைத்ததாம். தெல்லிப்பழைப் பக்கத்து மிஷன் வீடொன்றிலிருந்து பழைய புத்தகக் கடைக்கு வந்த பாட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அதற்குள் முதல் ஆயர் இருந்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில் ஏலம் கேட்கப் பழகினேன். தபாலில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

அக்காவும் நானும்தான் வீட்டில். அத்தான் காலமான பிறகு என்னோடு வந்துவிட்டாள். தபால்காரரின் மணி கேட்டால் குசினியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"இண்டைக்கு ஆர் வாறார் தம்பி? சோறு கூடப் போடட்டோ?"

நான் விடுவேனா? அக்கா மீன் வெட்டும்போது பக்கத்தில் கதிரையைப் போட்டு, வந்தவரின் சரித்திரம் முழுவதையும் சொல்லி முடிப்பேன். அக்கா "ம்" என்பாள். இன்னும் ஒரு "ம்". சட்டியில் கிடக்கும் சூடை மீன் அவளைவிடக் கவனமாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பாட்டுக்காரிதான் என் சேகரிப்பின் ராணி. ஏதோ நாடகத்துக்காகக் கன்னியாஸ்திரி வேடம் போட்ட படம். தலையில் மெல்லிய முக்காடு, கூப்பிய கை, மேலே பார்க்கும் கண். உண்மையில் அவள் பொல்லாத சீவன். இரண்டு கணவன்மார், அதற்கு மேலும் கதைகள் உண்டு. கொட்டகை முதலாளிக்குச் செருப்பால் எறிந்தவள். அவளைப் பற்றி மட்டும் அக்காவுக்கு இரண்டு நாள் கதைத்தேன்.

இந்தத் தவக்காலத்தில் அக்காவின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இரண்டு கிழமை மறைத்து வைத்துவிட்டுத்தான் சொன்னாள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்கு மூன்று கிழமை கழித்து வரச் சொன்னார்கள். அக்கா வழமைபோல மீன் வெட்டினாள், பூசைக்குப் போனாள், என்னைப் பகிடி பண்ணினாள். எனக்குத்தான் பயம். அவளில்லாத வீட்டை நினைத்து இரவில் எழும்பித் திரிந்தேன்.

மனதை ஆற்ற ஒரு நாள் தகரத்தைத் திறந்தேன். பாட்டுக்காரியைக் காணவில்லை. அலுமாரியைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன். கடைசியில் வீட்டுப் பீடத்தில் கண்டேன். மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் நடுவில், பூச்சாடியில் சாய்ந்தபடி, மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னால் மெழுகுதிரி எரிந்தது. மட்டையின் ஒரு மூலையில் மெழுகு சொட்டியிருந்தது.

நூற்றைம்பது வருடப் பழைய படம், கடல் தாண்டி வந்தது. கையை நீட்டிவிட்டேன். அப்போது அறைக்குள்ளிருந்து அக்கா செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. கையை இழுத்துக்கொண்டேன். முக்காட்டைப் பார்த்து யாரோ புனிதை என்று நினைத்திருக்கிறாள் பாவம். முடிவு வரும்வரை வாய் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

ஆனால் சேகரிப்பவனின் புத்தி சும்மா இருக்குமா? தினமும் காலையில் மெழுகுதிரியைப் படத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைப்பேன். பின்னேரம் அது பழைய இடத்தில் நிற்கும். நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இதற்குள் அடுத்த வீட்டு மனுசி வந்து, பாட்டுக்காரியைப் பக்தியாகக் கும்பிட்டு, தன் மகனின் விசாவையும் ஒருக்கால் கவனிக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நான் முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

மூன்று கிழமை முடிந்து போனோம். டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, பயப்படும் கட்டியில்லை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். வெளியே வாங்கில் உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன்.

"இப்ப என்னத்துக்கு அழுகிறாய்? அதுதான் இல்லையெண்டிட்டினமே," என்று அக்கா தன் லேஞ்சியைத் தந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே பீடத்துக்குப் போனாள். இனியும் மறைப்பது சரியில்லை என்று பட்டது.

"அக்கா, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது. உவ புனிதை இல்லை. நாடகப் பாட்டுக்காரி."

"தெரியும்."

"ரண்டு புருசன்."

"தெரியும். செருப்பாலை எறிஞ்சதும் தெரியும். நீதானே சொன்னனீ, நான் சூடை வெட்டேக்கை."

"பிறகேன் உதிலை வைச்சிருக்கு?"

அக்கா நெருப்புப்பெட்டியை எடுத்தாள்.

"அவவுக்கு நெஞ்சிலை கட்டி வந்தது, வெட்டி எடுத்தது, பிறகும் பத்து வருசம் மேடையேறிப் பாடினது. உதுகளையும் நீதான் சொன்னனீ. அந்தோனியாரிலை எனக்கு ஒரு குறையும் இல்லைத் தம்பி. ஆனா அவருக்கு நெஞ்சிலை கட்டி வந்ததோ?"

அதைச் சொன்னதே எனக்கு ஞாபகமில்லை. செருப்பு மட்டும்தான் ஞாபகம். இவ்வளவு நாளும் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் பாவம் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவள் படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து நீட்டினாள்.

"இந்தா, உன்ரை ஆள். மெழுகு பட்டதுக்கு மன்னிச்சுக்கொள்."

வாங்கினேன். ஒரு நிமிடம் பார்த்தேன். திரும்பப் பூச்சாடியில் சாய்த்து வைத்தேன்.

"ஆறு மாசத்தாலை திரும்பப் போக வேணுமெல்லே. அதுமட்டும் நிக்கட்டும்," என்றேன்.

அக்கா "ம்" என்றாள். மெழுகுதிரியைக் கொளுத்தி, இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாள்.